மூன்றாம் நம்பர் எலி

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில், கோவையில் ஆரம்பித்தது இது. நான் அப்போது ஒரு பார்மசி கல்லூரியில் எம்.பார்ம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடங்களில் என் கணவரிடம் மட்டும் ஒரு தடவை பாதியைச் சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொல்வது இப்போதுதான்.

எங்கள் ஊர் கிணத்துக்கடவு பக்கம். தென்னந்தோப்பு, கிணறு, தினமும் நாலைந்து பேர் வேலைக்கு வந்துபோகும் வீடு. எங்கள் சொந்தத்தில் அவ்வளவு தூரம் படிக்க வந்த முதல் பெண் நான்தான். அதனால் தலைக்கனமும் அதற்குத் தக்கபடி இருந்தது. லீவுக்கு ஊருக்குப் போனால் மூட்டுவலிக்கும் வயிற்றுவலிக்கும் என்னிடம் வந்து மருந்து கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிக்கொண்டே டாக்டர் மாதிரி பதில் சொல்வேன். அதில் எனக்கு ஒரு ருசி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

என் ஆய்வு இதயச் செயலிழப்பைப் பற்றியது. பெயரைக் கேட்டால் இதயம் சட்டென்று நின்றுபோவது போலத் தோன்றும். அப்படியில்லை. இதயம் தளர்ந்து, ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாமல் போய், உடம்பில் நீர் தேங்கி, மூச்சு வாங்கி, மெல்ல மெல்ல ஆளைக் கொல்லும் நோய். மருதம்பட்டைக் கஷாயம் இதற்கு உதவுமா என்று வெள்ளெலிகளில் பார்க்க வேண்டும். முதலில் ஊசி போட்டு எலியின் இதயத்தைக் கெடுப்போம். அப்புறம் நாற்பத்தைந்து நாள் மருந்து கொடுத்து, தேறுகிறதா என்று பார்ப்போம். கேட்க நன்றாக இருக்காதுதான். மருந்துகள் அப்படித்தான் வருகின்றன.

மொத்தம் நாலு குரூப், குரூப்புக்கு ஆறு எலி. முதல் குரூப்புக்கு நோயும் கிடையாது, மருந்தும் கிடையாது. இரண்டாவதற்கு நோய் மட்டும். மூன்றாவதற்கு நோயோடு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை. நாலாவதற்கும் நோய் உண்டு, மருந்தாக மருதம்பட்டை மட்டும், வேறெதுவும் இல்லை. பட்டையை ஆழியாற்றங்கரை மரங்களிலிருந்து எங்கள் தோட்டத்து ஆள் உரித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

கல்லூரியின் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடத்தில் எலிகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவருக்கு நாற்பது வயது இருக்கும். துடியலூர் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம். கல்லூரி வேலையில் அவருக்குப் பெருமை உண்டு. காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவார். நேரில் 'அண்ணா' என்று கூப்பிடுவோம், அவர் இல்லாதபோது 'எலிக்காரர்'. அவர் என்னை 'அம்மணி' என்பார். நான் அங்கே இருக்கும் வரை அவர் நின்றுகொண்டேதான் இருப்பார். ஒரு நாளாவது உட்காரச் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், சொன்னதாக ஞாபகம் இல்லை.

எட்டாவது வரைதான் படித்திருந்தார். ஆனால் எலிகளைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அவருக்கு அதிகம் தெரியும். தினமும் காலையில் ஒவ்வொரு எலியாகத் தராசில் வைத்து எடை பார்த்து, கூண்டில் தொங்கும் அட்டையில் எழுதுவார். மருந்து கொடுத்ததும் அதே அட்டையில் நான் ஒரு டிக் போட வேண்டும். எடை ஏறினால் எலி பிழைத்துக்கொள்ளும், இறங்கினால் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. நோய் வந்த எலி தீனியை விட்டுவிட்டு இளைத்துக்கொண்டே போகும் என்பதால், அந்தக் கூடத்துக்குள் அந்தக் கணக்கு தப்பவே தப்பாது.

வெள்ளெலிகளுக்குள் அடையாளம் தெரியாது என்பதற்காக உடம்பில் மஞ்சள் சாயம் வைப்போம். பிக்ரிக் அமிலம் என்று பெயர். ஒன்றாம் நம்பருக்குத் தலையில், இரண்டாம் நம்பருக்கு முதுகில், மூன்றாம் நம்பருக்கு வாலின் அடியில், இப்படி. சாயம் வைப்பது மட்டும் மாணவர்களின் வேலை. மற்றவர்கள் தொடக்கூடாது.

இரண்டாவது வாரம் முடிகிற சமயத்தில் என் மருதம்பட்டைக் குரூப்பில் மூன்றாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் சுருண்டுவிட்டன. மயிர் சிலிர்த்து, மூலையில் ஒடுங்கி, தொட்டாலும் அசையவில்லை. சனிக்கிழமை போய், என் ஆய்வை மேற்பார்த்த கைடிடம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "ஸ்டாக்ல எலி இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு மேல் அவர் தலையில் நான் எதையும் கட்ட முடியாது. மற்றதெல்லாம் என் கை செய்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு விடுமுறை. பகல் பதினொரு மணிக்கு நான் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டும் செத்துக் கிடந்தன. ஆய்வில் சேராத எலிகள் இருந்த ஸ்டாக் கூண்டிலிருந்து ஏறக்குறைய அதே எடையில் இரண்டு எலிகளை எடுத்தேன். ஊசியே படாத, ஒரு குறையும் இல்லாத எலிகள். ஒன்றுக்கு வாலடியிலும் இன்னொன்றுக்கு ஐந்தாம் நம்பருக்கு உரிய இடத்திலும் மஞ்சள் வைத்தேன். செத்த இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி, காம்பவுண்டுச் சுவர் ஓரம் குழி தோண்டிப் புதைத்தேன். அரை மணி நேர வேலை. ஹாஸ்டலுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் நான் போனபோது அண்ணன் அந்தக் கூண்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் நம்பரைக் கையில் எடுத்து, காதைத் தடவி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாலடி மஞ்சளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சனிக்கெழமை சுருண்டு கெடந்துச்சுங்க அம்மணி. இன்னைக்குக் கம்பியப் புடிச்சு ஏறுதுங்க. உங்க பட்டை கெட்டிக்காரப் பட்டையாட்ட இருக்குதுங்க."

நான் சிரித்தேன். ஆமாங்கண்ணா என்றேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் யாரிடமும் போய்ச் சொல்லியிருக்க மாட்டார். மாணவர்கள் இப்படிச் செய்வது அவருக்குப் புதிதாகக்கூட இருந்திருக்காது. ஆனால் கெட்டிக்காரப் பட்டை என்று அவர் சொன்னது கேட்க நன்றாக இருந்தது.

அவருடைய மனைவிக்கு இதய வால்வு கெட்டுப்போயிருந்தது என்பது எனக்கு முன்பே தெரியும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் வந்த வினை. வேஸ்ட் காட்டன் குடோனில் பஞ்சு பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குகிறது என்று நின்றுவிட்டார். பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளில்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று நீர் பிரிவதற்கான மாத்திரை. அதைப் போட்டால் மணிக்கொரு தரம் வெளியே போக வேண்டும். வீட்டில் கக்கூஸ் கிடையாது. பின்னால் இருந்த காலி இடத்திலும் யாரோ வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பகல் வெளிச்சத்தில் எங்கே போவது என்று அந்த அம்மா அழுவார்களாம். இதை அவர் என்னிடம் சொல்லும்போது எடைத் தராசைத் துடைத்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, பட்டைத்தூள் கொஞ்சம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கென்ன என்று ஒரு பெரிய பொட்டலமே கட்டிக் கொடுத்தேன். மரப்பட்டைதானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். எவ்வளவு கொடுப்பது என்று கேட்டார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன், கொதிக்கவைத்து வடிகட்டி, என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாத்திரைகளை நிறுத்தக்கூடாது என்று சொல்லவில்லை. நிறுத்துவார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நிறுத்த மாட்டார் என்று எதை வைத்து நினைத்தேன் என்றும் தெரியவில்லை.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். நான் எலிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"எடை ஏறுதுங்க அம்மணி," என்றார். "அவளக் குடோன் தராசுல தெனமும் நிறுத்துப் பாக்கறனுங்க. மூணு கிலோ ஏறிப்போச்சுங்க."

ரொம்பச் சந்தோஷம்ணா, அப்படியே கொடுங்க என்றேன்.

இந்த இடத்தை நான் எத்தனை தடவை திரும்பப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இதயம் தளர்ந்த மனுஷிக்குப் பத்து நாளில் மூன்று கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். இது எனக்குத் தெரியும். முதல் வருடப் பரீட்சையில் இதைத்தான் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். காலை அமுக்கினால் குழி விழுகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, நீர் மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா, மூன்று கேள்வி போதும். ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. என் கையில் ஊசிக் குழாய் இருந்தது, அன்றைக்குள் பன்னிரண்டு எலியையும் முடிக்க வேண்டும் என்ற நினைப்பு இருந்தது. நல்ல செய்தியை யார் குடைந்து கேட்பார்கள்?

அடுத்த வாரம் இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. வாட்ச்மேன்தான் சொன்னார், எலிக்காரர் சம்சாரம் போய்விட்டது என்று. காலையில் மூச்சு விட முடியாமல் தவித்திருக்கிறார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன வழியிலேயே முடிந்துவிட்டது.

வகுப்புத் தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு, துக்கம் விசாரிக்கத் துடியலூருக்குப் பஸ் ஏறினேன். வரிசை வீடுகளில் கடைசி வீடு. நாங்கள் போனதும் அவர் பதறி எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை எனக்குத்தான் போட்டார். உட்கார்ந்த பிறகுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே, ஆணியில் ஒரு அட்டை தொங்கியது. எங்கள் கல்லூரியின் கூண்டு அட்டை. எலிகளுக்கு எழுதுவது போலவே கட்டம் போட்டு, மேலே 'குரூப் 4' என்று எழுதி, அதன் கீழே மனைவியின் பெயர். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே எடை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துநாலு என்று ஏறிக்கொண்டே போய் நாற்பத்தெட்டில் நின்றிருந்தது. பக்கத்தில் நான் போடுவது மாதிரியே டிக். பதினேழு டிக் இருந்தது.

மாத்திரை கொடுத்தீர்களா என்று நான் கேட்காமலேயே அவராகச் சொன்னார். குரூப் நாலுக்கு வேறெதுவும் கொடுப்பதில்லையே, அதனால் நிறுத்திவிட்டாராம். வெளியே போகிற அவஸ்தை இல்லாமல் அந்த அம்மாவும் நிம்மதியாக இருந்தாராம். முகமெல்லாம் பூரித்திருந்ததாம். எங்கள் ஆய்வில் நாங்கள் என்ன முறையில் செய்தோமோ, அதில் ஒரு எழுத்து பிசகாமல் அவர் வீட்டில் செய்திருந்தார். எங்களைவிட ஒழுங்காகவே செய்திருந்தார்.

"நாந்தானுங்க அம்மணி தப்புப் பண்ணிப்போட்டேன்," என்றார். "எலிக்கு ஆரம்பத்துலயே குடுத்தீங்க. இவளுக்கு முத்துனதுக்கப்பறம் ஆரம்பிச்சுப்போட்டேன்."

பிறகு அவரே கேட்டார்.

"மூணாம் நம்பரு நல்லா இருக்குதுங்களா?"

நல்லா இருக்குதுங்கண்ணா என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது தோழி அந்த மனிதரின் வெகுளித்தனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு அவளைப் பளாரென்று ஒன்று விட வேண்டும்போல இருந்தது. அந்த அறை விழ வேண்டிய கன்னம் அவளுடையது இல்லை என்பதும் தெரிந்தது.

நாற்பத்தைந்தாம் நாள் எலிகளைக் கொன்று இதயத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். அண்ணன் அதற்குள் வேலைக்கு வந்துவிட்டார். ஒவ்வொன்றாக அவர்தான் பிடித்துக் கொடுத்தார். மூன்றாம் நம்பரின் இதயம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. இருக்காதா பின்னே! வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்த இதயத்தின் படத்தைப் பார்த்துத் தலையாட்டிப் பாராட்டினார். நாலாம் குரூப்பில் இறப்பு இல்லை என்று அட்டவணையில் எழுதியிருந்தேன். மருதம்பட்டையில் ஏதோ குணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் என்னை உட்காரவைத்திருந்தார்கள், அந்த வேலையைத்தான் நான் கெடுத்தேன்.

மூன்று வருடம் கழித்து, பீளமேட்டில் ஒரு மருந்து கம்பெனியில் வேலையில் இருந்தபோது, ஒரு சர்டிபிகேட்டுக்காகப் பழைய கல்லூரிக்குப் போனேன். அவரைப் பார்க்காமல் வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவரே என்னைப் பார்த்துவிட்டு, அம்மணி வந்திருக்கீங்களா என்று ஓடி வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. அதைச் சொல்லி இதைச் சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். அவருடைய கொழுந்தியாவுக்கும் அதே மாதிரி மூச்சு வாங்குகிறதாம். பெரியாஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கியிருக்கிறார்களாம்.

"அதே மரத்துப் பட்டை கெடைக்குமுங்களா? இந்தத் தடவ ஆரம்பத்துலயே குடுத்துப்போடலாமுங்க."

வேறு வழி இல்லாமல்தான் சொன்னேன். மனச்சாட்சி உறுத்திச் சொன்னேன் என்று எழுதிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி நடக்கவில்லை. அவர் கேட்காமல் இருந்திருந்தால் இன்றுவரை சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் கூடத்து வாசலிலேயே நின்று, மூன்றாம் நம்பர் அந்த ஞாயிற்றுக்கிழமையே செத்துவிட்டது, நீங்கள் பார்த்தது வேறு எலி, மஞ்சள் வைத்தது நான் என்று சொன்னேன். எடை ஏறியது நீரால் என்பதையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த துணியை மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மூணாம் நம்பருக்கு வலது காதுல ஒரு வெட்டு இருந்துச்சுங்க," என்றார். "திங்கக்கெழம பாத்தப்ப காது முழுசா இருந்துச்சு. என்ற கண்ணுதான் தப்பாப் பாக்குதுன்னு நெனச்சனுங்க. நீங்க வெச்ச அடையாளம் பொய் சொல்லும்னு நெனைக்கலீங்க."

எனக்கு அழுகை வந்தது. அதை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. கொழுந்தியாவுக்கு மாத்திரையே தொடர்ந்து கொடுக்கச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "வேலை கெடக்குதுங்க மேடம்," என்று உள்ளே போனார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

கொழுந்தியா என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை, தைரியம் இல்லை. என் ஆய்வேடு தங்க நிற எழுத்தோடு அந்தக் கல்லூரி நூலகத்தில் இன்னும் இருக்கும். அதைத் திருத்தச் சொல்லி ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. இப்போது என்னிடம் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். எல்லோரும் மேடம் என்கிறார்கள். நான் எதையாவது சொன்னதும் அவர்களில் ஒருவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினால், தன் கண்ணால் பார்த்த எதையோ என் பேச்சை நம்பி விழுங்கிக்கொள்கிறாரோ என்று தோன்றிவிடும். சுவரில் தொங்கிய அந்த அட்டையும் பதினேழு டிக்கும் இன்றைக்கும் என் முன்னால் வந்து நின்றுவிடுகின்றன.